போதும் என்பதை யார் சொல்வது?

புதிதாக ஒரு கேமிங் பிசி அசெம்பிள் செய்ய நினைப்பவர் கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகும்போது, அவருடைய ஆசைக்குக் கடிவாளம் போட விலை இருக்கிறது. அடுத்த மாடலுக்கு இன்னும் முப்பதாயிரம் ரூபாய் என்றதும் கை தானாகப் பின்வாங்கிவிடும். ரேமுக்கு அந்தக் கடிவாளம் நெடுங்காலம் இருந்ததில்லை. 16 ஜிபிக்கும் 32 ஜிபிக்கும் இருந்த விலை வேறுபாடு, கணினியின் மொத்தச் செலவோடு வைத்துப் பார்த்தால் சிறியது. அதனால் 'எவ்வளவு போதும்?' என்ற கேள்வி பணத்தின் துணையில்லாமல் தன்னந்தனியாக வாங்குபவர் முன் வந்து நின்றது. சமயங்களும் மெய்யியலாளர்களும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுவரும் கேள்வியும் இதுதான். போதும் என்ற எல்லை, மனிதன் தன் மனத்தை அடக்கித் தானே உண்டாக்கிக்கொள்வதா? அல்லது அது ஏற்கெனவே இருக்கிறதா, நாம்தான் கண்டறிய வேண்டுமா? எல்லை உண்மையானது, அதை அறிய முடியும், அறிந்து நடப்பது சிக்கனத்திலிருந்தும் துறவிலிருந்தும் வேறுபட்ட ஓர் அறம் என்பது இக்கட்டுரையின் வாதம். இதற்கு ரேமைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. மற்றப் பொருள்களில் போதுமா போதாதா என்பது பெரும்பாலும் கருத்து வேறுபாடாகவே முடியும். இங்கே அதை அளந்தே பார்த்துவிடலாம்.

ஒரு விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது பிராசஸருக்கு அடுத்த நொடியில் தேவைப்படக்கூடிய எல்லாம் ரேமில் இருக்க வேண்டும். இடம் பற்றாவிட்டால் விண்டோஸ் அதில் ஒரு பகுதியை எஸ்எஸ்டியில் உள்ள பேஜ் ஃபைலுக்குத் தள்ளிவிடும். ரேமிலிருந்து ஒரு தகவலை எடுத்துவர ஏறத்தாழ நூறு நானோ நொடிக்குள் ஆகும். எஸ்எஸ்டியிலிருந்து எடுத்துவர அதைப்போல் பல நூறு மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்கு நேரம் ஆகும். நொடிக்கு 60 பிரேம் ஓடும் விளையாட்டில் ஒரு பிரேமுக்குக் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லி நொடி மட்டுமே. அதற்குள் இப்படிப்பட்ட அலைச்சல்கள் பல சேர்ந்துவிட்டால் திரை திக்கித் திக்கி நகரும். சராசரி எஃப்பிஎஸ் நன்றாகவே இருக்கும். ஆனால் எதிரி கதவைத் திறக்கும் அந்த ஒரு கணத்தில் படம் உறைந்து நிற்கும். போதாமையின் முகம் இது. இனி மறுபக்கம்: எல்லாவற்றுக்கும் சேர்த்து 14 ஜிபி கேட்கும் ஒரு விளையாட்டை 32 ஜிபி உள்ள கணினியிலும் 64 ஜிபி உள்ள கணினியிலும் ஓட்டினால், கொள்ளளவு கூடிய காரணத்தால் ஒரு பிரேம்கூட ஏறாது. மீந்த இடத்தில் விண்டோஸ் அண்மையில் படித்த கோப்புகளை வைத்துக்கொள்ளும். மறுமுறை திறக்கும்போது சற்று விரைவாகத் திறக்கும். நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தில் மாற்றம் இருக்காது. தேவை நிறையும்வரை ஒவ்வொரு ஜிபியும் உயிர். நிறைந்தபின் வருவது ஏறத்தாழச் சுழி. எல்லை என்பது மனநிலை என்று சொல்வோருக்கு இந்தக் கோடு ஒரு பதில்.

ஆனால் இந்தக் கோடு எல்லோருக்கும் ஒரே இடத்தில் இல்லை. கவுண்டர்-ஸ்டிரைக் 2 கேட்கும் குறைந்தபட்ச ரேம் 8 ஜிபி. ஆலன் வேக் 2 எந்தத் தரத்தில் ஆடினாலும் 16 ஜிபி கேட்கிறது. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2024, குறைந்தபட்சம் 16, பரிந்துரை 32, மிக உகந்தது 64 என்று மூன்று படிகள் வைத்திருக்கிறது. ஆகவே '32 ஜிபி அதிகமா?' என்ற கேள்விக்கு அப்படியே விடை சொல்ல முடியாது. மாலையில் நண்பர்களோடு கவுண்டர்-ஸ்டிரைக் மட்டும் ஆடுபவருக்கு அது அதிகம். பல மணி நேரம் விமானம் ஓட்டிக்கொண்டே பக்கத்தில் பிரவுசரையும் வீடியோப் பதிவையும் திறந்து வைத்திருப்பவருக்கு 64கூட ஆடம்பரம் ஆகாது. அரிஸ்டாட்டில் 'அரசியல்' நூலின் முதல் பகுதியில் சொல்லும் ஒரு கருத்து இங்கே பொருந்துகிறது. எந்தக் கலையின் கருவியும் எண்ணிக்கையிலோ அளவிலோ எல்லையற்றதாக இருக்க முடியாது. அது எந்த நோக்கத்துக்குக் கருவியோ அந்த நோக்கமே அதற்கு எல்லை வகுக்கிறது என்கிறார் அவர். செல்வமும் நல்வாழ்வுக்குக் கருவிதான் என்பதால் அதற்கும் எல்லை உண்டு. கருவியையே நோக்கமாக எடுத்துக்கொண்டவர்களுக்குத்தான் எல்லை மறைந்துபோகிறது என்பது அவர் வாதம். ரேம் ஒரு கருவி. அது எதற்கு என்று சொல்லாமல் எவ்வளவு என்று கேட்பதில் பொருளில்லை.

அப்படியானால் விடை எளிதாக இருக்க வேண்டுமே, ஏன் இத்தனை பேர் தடுமாறுகிறார்கள்? காரணம் கண்ணுக்கு எதிரே நிற்கிறது. நோக்கத்தைப் பெட்டியின்மீது அச்சிட முடியாது, எண்ணை அச்சிடலாம். 32 என்பது 16ஐவிடப் பெரியது, வேக எண்ணில் 7200 என்பது 6000ஐவிடப் பெரியது என்பதைப் புரிந்துகொள்ள விளையாட்டைப் பற்றியோ தன்னைப் பற்றியோ எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எபிக்கூரஸ் ஆசைகளை மூன்றாகப் பிரித்தார்: இயற்கையும் தேவையும் ஆனவை; இயற்கையானவை, ஆனால் தேவையற்றவை; இரண்டும் இல்லாத வெற்று ஆசைகள். முதல் வகைக்கு எல்லை உண்டு, எளிதில் நிறையும். கடைசி வகைக்கு எல்லையே இல்லை என்றார். திக்காமல் விளையாட வேண்டும் என்ற ஆசைக்கு நிறைவு உண்டு. திக்கல் நின்றதும் அது நிறைந்துவிடும். பெரிய எண்ணை வைத்திருக்க வேண்டும் என்ற ஆசைக்கு நிறைவு கிடையாது, ஏனென்றால் எண்களுக்கு முடிவு கிடையாது. முதல் ஆசையோடு கடைக்குப் போனவர் இரண்டாம் ஆசையோடு திரும்பி வருவது எப்போது நடக்கிறது என்பது அவருக்கே தெரிவதில்லை. இரண்டும் ஒரே பெட்டியைத்தான் சுட்டுகின்றன.

இந்த மயக்கத்தை அருகில் வைத்துப் பார்க்க டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் போதும். 32 ஜிபி உள்ள கணினியில் ஒரு விளையாட்டு ஓடும்போது 'பயன்பாட்டில் 19 ஜிபி' என்று காட்டினால், பார்ப்பவர் '16 வாங்கியிருந்தால் அவ்வளவுதான்' என்று முடிவு கட்டிவிடுவார். அதே விளையாட்டை 16 ஜிபி கணினியில் ஓட்டினால் 12 அல்லது 13 ஜிபிக்குள் அது அடங்கி, திக்கலில்லாமல் ஓடக்கூடும். இடம் தாராளமாக இருந்தால் விளையாட்டும் இயங்குதளமும் பின்னால் தேவைப்படலாம் என்று நினைப்பவற்றையும் விட்டுவைக்கும். இடம் நெருக்கினால் அவற்றைக் கழித்துவிடும். அந்த எண் காட்டுவது எடுத்துக்கொண்ட அளவை. தேவையான அளவு வேறு. இருப்பது பெருகினால் தேவையும் பெருகியதுபோல் தோன்றுவதற்கு இதைவிடத் தெளிவான படம் கிடையாது. அதனால் ரேம் போதுமா என்று அறிய விரும்புகிறவர் டாஸ்க் மேனேஜரின் நிரப்பப்பட்ட பட்டையைப் பார்ப்பதைவிட, மிக மெதுவாக வந்த நூற்றில் ஒரு பங்குப் பிரேம்கள் எப்படி இருந்தன என்று பார்க்க வேண்டும். எவ்வளவு வைத்திருக்கிறோம் என்ற கணக்கு நம்மை ஏமாற்றும். எங்கே தடங்கல் வந்தது என்ற கணக்கு ஏமாற்றாது. வீட்டுச் செலவிலும் நாட்டின் வளக் கணக்கிலும் இதே பிழை நடக்கிறது: செலவானதையெல்லாம் தேவை என்று பதிவு செய்துவிடுகிறோம்.

வேகத்தைப் பற்றிய எண்களும் இப்படித்தான். 2000களின் தொடக்கத்தில் நல்ல ரேம் என்று பெயர் பெற்றிருந்த டிடிஆர்-400, சிஎல் (தகவலைக் கேட்டபின் ரேம் எடுத்துக்கொள்ளும் கடிகாரச் சுற்றுகளின் எண்ணிக்கை) 2இல், கேட்ட தகவலின் முதல் துளி ரேம் சில்லிலிருந்து வெளிவர மட்டும் 10 நானோ நொடி காத்திருக்க வேண்டும். டிடிஆர்3-1600, சிஎல் 8: அதே 10 நானோ நொடி. டிடிஆர்4-3200, சிஎல் 16: மீண்டும் 10. இன்று பலரும் தேடி வாங்கும் டிடிஆர்5-6000, சிஎல் 30: கணக்குப் போட்டால் இதுவும் 10. பெட்டியின்மீது இருந்த எண் 400இலிருந்து 6000 ஆகப் பதினைந்து மடங்கு ஏறிய காலம் முழுவதும் இந்தக் காத்திருப்பு இம்மியும் குறையவில்லை. ஏறிய எண் பொய்யும் இல்லை. ஒரு நொடியில் பாயும் தகவலின் அளவு உண்மையாகவே பதினைந்து மடங்கு ஏறியிருக்கிறது, அந்தப் பாய்ச்சல் இல்லாமல் இன்றைய விளையாட்டுகள் ஓடா. ஆனால் 'வேகம்' என்று ஒற்றைச் சொல்லால் நாம் ஆசைப்பட்டது இரண்டு வேறு பொருள்கள் என்பது இங்கே வெளிப்படுகிறது. ஒன்று வளர்ந்தது, மற்றது நின்ற இடத்திலேயே நிற்கிறது. பெரிய எண்ணைத் துரத்துகிறவர் தான் துரத்துவது எந்தப் பொருளை என்று நின்று கேட்பதில்லை. ஆசையின் குறை அது அதிகமாக இருப்பதில் மட்டும் இல்லை. தனக்கு எது வேண்டும் என்று அதற்கே தெளிவாகத் தெரியாததிலும் இருக்கிறது.

அளவு மீறினால் பயன் சுழியாக நின்றுவிடும் என்று இதுவரை சொன்னேன். சில இடங்களில் அது குறையவும் செய்யும். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை பிராசஸர்களுக்கு டிடிஆர்5-6000 மிக இசைவான வேகம் என்று அந்நிறுவனமே சொன்னது. அதற்கு வெகுவாக மேலே போனால் பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கண்ட்ரோலரால் ரேமோடு சமவேகத்தில் ஓட முடியாமல் பாதி வேகத்துக்கு இறங்கும். வேகமான ரேமை வாங்கியவருக்குத் தாமதம் கூடும். ஸ்லாட் நான்கும் நிரம்பினால்தான் அழகு என்று நான்கு டிடிஆர்5 ஸ்டிக்குகளைச் செருகுகிறவருக்கும் அதே கதி: கண்ட்ரோலர்மீது சுமை ஏறி, இரண்டு ஸ்டிக்கில் எட்டிய வேகத்தை நான்கில் எட்ட முடிவதில்லை. இன்னொரு பக்கம் ரைசன் 7 7800எக்ஸ்3டி போன்ற பிராசஸர்கள் 96 எம்பி எல்3 கேஷைத் தங்களிடமே வைத்திருக்கின்றன. 32 ஜிபி ரேமோடு ஒப்பிட்டால் அது முந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆயினும் பிராசஸருக்கு மிக அருகில் இருப்பதால், ரேமிடம் போக வேண்டிய தேவையையே பலமுறை இல்லாமல் ஆக்கிவிடுகிறது. விலையுயர்ந்த ரேம் தரும் சிறு ஆதாயமும் அங்கே தேய்ந்துபோகிறது. வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் ஓட்டிவரும் மயிற்பீலி வண்டி தமிழர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஏற்றும் பொருள் இலேசானதா என்று பார்த்தால் போதாது, தாங்கும் அச்சின் வலிமையையும் பார்க்க வேண்டும் என்பதை அரசனுக்குச் சொன்னார். மதர்போர்டுக்கும் அது பொருந்துகிறது.

வைத்திருப்பதற்கும் பயன்கொள்வதற்கும் இடையே உள்ள தூரத்தையும் ரேம் காட்டித் தருகிறது. டிடிஆர்5-6000 என்று அச்சிட்ட ரேமை வாங்கிப் பொருத்திவிட்டால் மட்டும் அது 6000இல் ஓடாது. பயாஸில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்காதவரை, அது பெரும்பாலும் 4800 போன்ற பொது வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஒரு படியைச் செய்யாமல், அதிக விலை கொடுத்து வாங்கிய வேகத்தை ஒருநாளும் காணாமலே பல ஆண்டுகள் கணினியைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. ஒரே ஸ்டிக்காக வாங்கிச் செருகியவர்களும், இரண்டு ஸ்டிக்கைத் தவறான ஸ்லாட்டில் செருகியவர்களும் டூயல் சேனல் இல்லாமல் பாய்ச்சலில் பாதியை இழக்கிறார்கள். பௌத்தத் துறவியின் ஒழுக்கத்தில் ஒரு பயிற்சி உண்டு. உடை, உணவு, உறைவிடம், மருந்து என்ற நான்கையும் பயன்படுத்தும்போது ஒவ்வொன்றும் எதற்காக என்று எண்ணிப் பார்க்க வேண்டும். உடை குளிரையும் வெயிலையும் பூச்சிக்கடியையும் தடுக்க, உடலை மறைக்க. உணவு உடல் நிலைபெற்று அறவாழ்வு நடக்க. இந்தப் பயிற்சி பொருளைக் குறைக்கச் சொல்லும் கட்டளை என்றே பலர் புரிந்துகொள்கிறார்கள். அதைவிட ஆழமான ஒன்றை அது செய்கிறது: பொருளை அதன் பயனோடு மீண்டும் மீண்டும் கட்டிவைக்கிறது. பயனை நினைத்து வாங்கியவர் எக்ஸ்போவை இயக்க மறக்கமாட்டார். எண்ணை நினைத்து வாங்கியவருக்கு வாங்கிய அன்றே வேலை முடிந்துவிட்டது.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்க வேண்டும். ஆசையைப் பற்றிப் பேசினாலே அதை அடியோடு அறுப்பதுதான் சமயத்தின் ஒரே அறிவுரை என்று ஒரு கருத்து நம்மிடம் ஊறியிருக்கிறது. திருக்குறளின் அமைப்பே அதை மறுக்கிறது. அவாவறுத்தல் துறவறவியலில் இருக்கிறது; தன் வலியையும் அளவையும் அறிந்து நடக்கச் சொல்லும் வலியறிதல் பொருட்பாலில் இருக்கிறது. உலகில் இருந்து செயல்படுகிறவனுக்கு வள்ளுவர் தருவது அளவறிதல் என்னும் அறம். சமணம் இதை இன்னும் கூர்மையாக வகுத்தது. துறவி எதையும் தனதென்று வைத்திருக்கக் கூடாது. இல்லறத்தாருக்கோ ஐந்து அணுவிரதங்கள். அவற்றில் கடைசி பரிக்கிரக பரிமாணம். நிலம், பொன், தானியம் போன்ற உடைமைகளில் எனக்கு இவ்வளவு என்று தானே வரம்பிட்டு அதற்குமேல் விரும்பாதிருத்தல் அது. இல்லறத்தாரின் இந்த ஒழுக்கங்களைத் தமிழில் சொல்லும் சமண நூலாக அருங்கலச்செப்பு இருக்கிறது. இந்த விரதத்தில் என்னை மிகவும் ஈர்ப்பது, எவ்வளவு என்ற எண்ணை அது எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடவில்லை என்பதே. எண்ணைச் சொல்ல வேண்டியவர் விரதம் எடுப்பவர்தான். ஆனால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், பொருள் கண்ணெதிரே வந்து நிற்பதற்கு முன்பே சொல்ல வேண்டும். போதும் என்பதை யார் சொல்வது என்ற கேள்விக்குக் கடைக்காரர், விளம்பரம், அண்டை வீட்டார் என்று பல பேர் விடைசொல்லக் காத்திருக்கிறார்கள். இந்த விரதம் அந்த உரிமையை வாங்குபவர் கையிலேயே திருப்பித் தருகிறது.

இதற்கு எதிராக எழும் வாதங்களில் வலுவானது எதிர்காலத்தைப் பற்றியது. இன்று 16 போதும், நாளை போதுமா? விளையாட்டுகளின் தேவை ஏறிக்கொண்டே இருக்கிறது. சைபர்பங்க் 2077 தன் குறைந்தபட்ச அளவை 2023இல் 12 ஜிபியாக உயர்த்திக்கொண்டது. அளவு என்பது விளையாட்டு நிறுவனங்கள் வரைகிற கோடு என்றால், அதை அறிந்து என்ன பயன்? இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. முன்னெச்சரிக்கையும் அளவறிதலின் ஒரு பகுதியே. நான்கைந்து ஆண்டுகள் வைத்திருக்கப் போகிற கணினிக்கு, புது விளையாட்டுகள் பல 16ஐக் குறைந்தபட்சமாகக் கேட்கும் நேரத்தில் 32 வாங்குவது பேராசை ஆகாது. பின்னால் இரண்டு ஸ்டிக் சேர்த்துக்கொள்ளலாம் என்பதிலும் மேலே சொன்ன சிக்கல் இருப்பதால், முதலிலேயே சரியான ஜோடியை வாங்குவது அறிவு. ஆனால் எதிர்காலத்திலும் இரண்டு வகை உண்டு. 'இந்த வகை விளையாட்டுகளை இத்தனை ஆண்டு ஆடப் போகிறேன்' என்பது முகம் தெரிந்த எதிர்காலம். 'எதற்கும் இருக்கட்டும்' என்பது முகம் தெரியாத எதிர்காலம், அதற்கு எந்த அளவும் போதாது. தவிர, ரேம் அவ்வளவு நெடுங்காலம் நம்மோடு வருவதும் இல்லை. டிடிஆர்4 ஸ்டிக் டிடிஆர்5 ஸ்லாட்டில் பொருந்தாது. அன்று 'எதற்கும் இருக்கட்டும்' என்று 64 ஜிபி டிடிஆர்4 வாங்கியவர் புது மதர்போர்டுக்கு மாறும்போது அதைக் கொண்டுசெல்ல முடியாது.

இரண்டாம் வாதம்: இது அவரவர் பணம், அதிகமாக வாங்கினால் யாருக்கு என்ன இழப்பு? 2025இன் கடைசி மாதங்கள் இதற்கு விடை தந்தன. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்களின் நினைவகத் தேவை பெருகவே, வீட்டுக் கணினி ரேமின் விலை சில மாதங்களில் மடங்குக் கணக்கில் ஏறியது. ரேமுக்கு அடிப்படையான டிரேம் சில்லுகளில் உலகின் பெரும்பகுதியைச் செய்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய 3 நிறுவனங்கள். அவற்றுள் மைக்ரான், குரூஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த தொழிலிலிருந்து விலகப் போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. எல்லையற்றது என்று நாம் நினைத்திருந்த பொருள், எண்ணிச் சொல்லக்கூடிய சில ஆலைகளிலிருந்து, எண்ணிச் சொல்லக்கூடிய அளவில் வருகிறது என்பது அப்போது எல்லோருக்கும் புரிந்தது. இன்னும் ஏறும் என்ற அச்சத்தில் தேவைக்கு மேல் வாங்கி வைப்பவர், படிப்புக்காக முதல் கணினி வாங்கும் ஒரு மாணவருக்கான விலையையும் தன்னையறியாமல் சற்றே தள்ளிவிடுகிறார். தனிமனிதர்களின் பங்கு டேட்டா சென்டர்களின் பங்கோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது என்பதை மறுக்கவில்லை. ஆனால் பெரியவர்கள் அளவு மீறுவது சிறியவர்கள் அளவை மறக்கக் காரணம் ஆகிவிடாது. அந்த நிறுவனங்களை நோக்கி 'உங்களுக்கு எவ்வளவு போதும், எதற்காக?' என்று கேட்கும் தகுதியும், அதே கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொண்டவருக்கே வரும்.

மூன்றாம் வாதம் சமயத்தின் பக்கத்திலிருந்தே வரும். விளையாட்டே வீண்பொழுது, வீணான ஒன்றுக்குள் என்ன அளவு, என்ன அறம்? இதை ஏற்க முடியாது. ஓய்வும் விளையாட்டும் மனித வாழ்வின் இயற்கையான தேவைகள். கோயில் திருவிழாக்களில் கூத்துக்கும் இசைக்கும் இடம் கொடுத்த சமயங்களுக்கு இது தெரியும். ஒருவர் எவ்வளவு நேரம் விளையாடலாம் என்பது தனிக் கேள்வி, அதற்கும் இதே அளவுகோல்தான். ஆனால் ஒன்றைச் செய்வது என்று முடிவெடுத்த பிறகு அதை அளவோடு செய்வதா, அளவின்றிச் செய்வதா என்பது எந்தச் செயலுக்கும் உள்ள கேள்வி. உயர்ந்த செயல்களில் மட்டுமே அறம் பார்ப்பேன் என்பவர் நாளின் பெரும்பகுதியில் அறமே பார்க்காமல் இருந்துவிடுவார். ரேமின்மீது ஒளிரும் வண்ண விளக்குகளையும் இப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அழகுக்காக வாங்குகிறேன் என்று அறிந்து வாங்குபவரிடம் குறையில்லை, அவருடைய நோக்கம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அழகுக்கு வாங்கியதை வேகத்துக்கு வாங்கியதாகத் தன்னிடமே சொல்லிக்கொள்வதுதான் பிழை.

நான்காவது வாதம் மிகவும் மதிக்கத்தக்கது. எல்லோரும் போதும் என்று நின்றிருந்தால் தொழில்நுட்பம் இந்த இடத்துக்கு வந்திருக்குமா? இன்று 16 ஜிபி எளிதாகக் கிடைப்பதே, நேற்று போதாது என்று நினைத்தவர்களால் அல்லவா? இதற்கு ரேமின் பிறப்பே விடை சொல்கிறது. ஒரு பிட் தகவலைச் சேமிக்க ஆறு டிரான்சிஸ்டர்கள் தேவைப்பட்ட காலத்தில், ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்ட் அதை ஒரே டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் கொண்டு செய்ய முடியும் என்று கண்டார். 1968இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. மின்தேக்கியில் உள்ள மின்னூட்டம் கசிந்துவிடும் என்பதால், நொடிக்குப் பலமுறை அதைப் படித்துத் திரும்ப எழுத வேண்டும் என்ற கூடுதல் வேலையையும் அவர் ஏற்றுக்கொண்டார். இன்று உலகின் ஒவ்வொரு டிரேம் சில்லும் அந்தக் கண்டுபிடிப்பின்மீதே நிற்கிறது. இதற்கு எது குறைந்தபட்சம் போதும் என்று விடாமல் கேட்ட ஒரு மனத்தின் விளைவு அது. 96 எம்பி கேஷில் 64 எம்பியைப் பிராசஸருக்கு மேலே அடுக்கியவர்களும், எங்கே உண்மையில் தடை இருக்கிறது என்று பார்த்த பிறகே அங்கே சேர்த்தார்கள். முன்னேற்றத்துக்கு வேண்டியது நிறைவின்மைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குறை எது என்று அறிந்த நிறைவின்மை கண்டுபிடிக்கிறது. அறியாதது வாங்கிக் குவிக்கிறது.

இன்னும் ஒரு செலவைக் கணக்கில் எடுக்க வேண்டும்: தேடும் நேரம். மனிதர்கள் எல்லா வாய்ப்புகளையும் ஒப்பிட்டு மிகச் சிறந்ததைத் தேர்வதில்லை, தேரவும் முடியாது. முதலில் ஒரு தகுதியை வகுத்து, அதை நிறைவு செய்யும் ஒன்று கிடைத்ததும் நிற்பதுதான் அறிவுடைய வழி என்று 1950களில் எழுதியவர் ஹெர்பர்ட் சைமன். 1978இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றவர். சிஎல் 30க்கும் சிஎல் 36க்கும் இடையே சில விழுக்காட்டு வேறுபாட்டை அறியப் பல இரவுகளைச் சோதனை வீடியோக்களில் செலவிடுபவர், அந்த நேரத்தில் விளையாடியிருக்கக்கூடிய விளையாட்டை இழக்கிறார். தகுதியை முன்கூட்டியே வகுப்பதில் சைமனும் சமண இல்லறத்தாரின் விரதமும் ஒரே இடத்துக்கு வந்துசேர்கிறார்கள். ஒருவர் அதை அறிவின் எல்லையிலிருந்து சொன்னார். மற்றவர்கள் ஆசையின் எல்லையின்மையிலிருந்து சொன்னார்கள்.

ஆகவே ரேம் வாங்கப் போகிறவருக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். விலைப்பட்டியலைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுத்து, எந்த விளையாட்டுகள், எந்தத் தரத்தில், எத்தனை ஆண்டுகள், கூடவே வேறு என்ன வேலைகள் என்று எழுதுங்கள். அந்த விளையாட்டுகள் கேட்கும் அளவைப் பார்த்து, தெரிந்த எதிர்காலத்துக்காக ஒரு படி சேர்த்து, ஓர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போனபின் அந்த எண்ணை மாற்றாதீர்கள். மாற்ற வேண்டுமென்றால் தாளில் உள்ள நோக்கம் மாறியிருக்க வேண்டும். வாங்கியபின் இரண்டு ஸ்டிக்கையும் சரியான ஸ்லாட்டில் செருகி, பயாஸில் எக்ஸ்போவையோ எக்ஸ்எம்பியையோ இயக்குங்கள். கொடுத்த விலைக்கு உரிய பயனைக் கொள்வதும் அறத்தின் பகுதிதான். ரைசன் 7000 வரிசை பொருந்தும் ஏஎம்5 மதர்போர்டில் இன்றைய புது விளையாட்டுகளை ஆடப் போகிற பெரும்பாலோருக்கு 16 ஜிபி ஸ்டிக் இரண்டு, டிடிஆர்5-6000, சிஎல் 30 போதும்.